கொட்டகலைப் பல்

மேல் டிவிசன்,
கொட்டகலை.
22.8.1954

அன்பின் நஸார் மச்சானுக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். மாத்தறையில் ரயில் ஏறியபோது ஜன்னல் ஓரம் கிடைத்தது. ஹட்டன் குளிர் வீடு வரைக்கும் வந்து இருமலைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது. செரீபா தங்கச்சி கட்டித் தந்த சோற்றுப் பொட்டலத்தைக் கொழும்பு தாண்டும் முன்பே தீர்த்துவிட்டேன் என்று சொல்.

வீட்டில் எனக்கு நல்ல வரவேற்பு. பையை அவிழ்த்துக் கொட்டியதும் பேச்சியம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "ஒரு வாரம் கடக்கரையில இருந்துட்டு ஒரு துண்டு கருவாடு வாங்கியாரத் தோணல. கல்லும் கிளிஞ்சலுமா அள்ளியாந்துருக்கீங்க. இத வச்சி நான் என்னா கொழம்பு வைக்கிறது?" அவள் கேட்டதில் தவறில்லை. ஆனாலும் நான் கொண்டுவந்தது கருவாட்டைவிடப் பெரிய சரக்கு, மச்சான். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உன் சுண்ணாம்புச் சூளைக்குப் பின்னால் இருக்கும் கிளிஞ்சல் மேட்டைக் கடல் ஒதுக்கிப் போட்டது என்று உன் மாமா சொன்னார். கடல் மான் எலும்பை நெடுக்காகப் பிளந்து மஜ்ஜையை உறிஞ்சுமா? கிளிஞ்சலுக்கு இடையில் சாம்பல் அடுக்கு அடுக்காக இருப்பதை நீயும் பார்த்தாய். ஆமை ஓடு கிடக்கிறது, மீன் முள் கிடக்கிறது, பன்றிக் கொம்பு கிடக்கிறது. அங்கே யாரோ உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, தலைமுறை தலைமுறையாகக் கடலை ஒட்டிய களப்பில் இறங்கி மட்டி பொறுக்கி, சுட்டுத் தின்று, ஓட்டை அந்த இடத்திலேயே போட்டிருக்கிறார்கள். நெல் தெரியாது, இரும்பு தெரியாது, சட்டி பானைகூடத் தெரியாது. ஒரு பானை ஓட்டுச் சில்லு அங்கே கிடையாது, நான் தேடிப் பார்த்தேன்.

அந்தக் குப்பைக்குள் நகம் அளவு வெள்ளைக் கல்லுச் சில்லுகள் இருக்கின்றன. ஒரு பக்கம் கூர், மறுபக்கம் வளைத்து மழுக்கியது. இங்கே ஏழாம் நம்பர் தேயிலை மலையில் தண்ணீர்க் கான் வெட்டும்போதெல்லாம் நான் பொறுக்கிச் சேர்த்து, நீ "சோலைக்குக் கல்லுப் பைத்தியம்" என்று சிரிப்பாயே, அதே கல். பட்டிப்பொலப் பக்கம் கற்பாறைக்கு அடியில் நான் எடுத்த துளை போட்ட சோழியும் உனக்கு நினைவிருக்கும். மேகம் மூடுகிற உயரத்தில் கடல் சோழிக்கு என்ன வேலை? அந்த மனுசர்கள் மழைக்கும் வெயிலுக்கும் ஏற்றபடி கடலுக்கும் மலைக்குமாக நடந்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். அதற்குச் சாட்சி உன் மாமாவின் மேடு ஒன்றுதான்.

ஆகவே ஒரு கெஞ்சல். கொழும்பிலிருந்து விஷயம் தெரிந்த ஒருவர் வந்து முறையாகத் தோண்டிப் பார்க்கும்வரை அந்த மேட்டில் ஒரு கூடைகூடச் சூளைக்குப் போகக் கூடாது. நான் இன்றைக்கே அரசாங்கத் தொல்பொருள் கந்தோருக்கு எழுதுகிறேன். சத்தியம் செய்து கொடு.

என்றும் உன்,
சோலைமலை


களப்பங்கரை,
அம்பாந்தோட்டை.
5.9.1954

சோலை,

கடிதம் எனக்கா, எங்கள் மாமாவின் குப்பைமேட்டுக்கா? மேட்டைப் பற்றி இரண்டு பக்கம், என் சுகம் கேட்டு ஒரு வரி இல்லை. கொட்டகலை பஸாரில் வாப்பாவின் கடை வாசலில் உட்கார்ந்து உன்னோடு பாடம் படித்த பாவத்துக்கு இதுவும் வேண்டும், இன்னமும் வேண்டும்.

மாமாவிடம் வாசித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "மகன், ஒங்கட கூட்டாளி நல்ல மனிசன். தலைக்கு எண்ண வெச்சிக் குளிக்கச் சொல்லுங்க" என்றார். தின்றுபோட்ட ஓட்டுக்கு இத்தனை மரியாதையா என்று செரீபா இன்னும் சிரிக்கிறாள். பேச்சியம்மாவுக்கு நெத்தலிக் கருவாடும் கட்டாவும் பார்சல் கட்டியிருக்கிறாள். இதிலாவது உன் வீட்டில் குழம்பு கொதிக்கட்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் சூளைக்குச் சரக்கு மூன்று வழியில் வருகிறது. தோணியில் போய் எடுத்துவரும் கடல் கல் ஒன்று. தண்ணீர் வற்றினால் களப்பில் அள்ளும் சிப்பி ஒன்று. இரண்டும் இல்லாத காலத்தில் கை வைப்பது அந்த மேட்டில். மாமாவும் அவருடைய வாப்பாவும் அப்படித்தான் செய்திருக்கிறார்கள். மேட்டுக் கிளிஞ்சல் நன்றாகக் காய்ந்தது, விறகு குறைவாகத் தின்னும், சுண்ணாம்பு பால் மாதிரி வரும். அதை விடச் சொல்வது சுண்ணாம்புக்காரனிடம் சின்னக் காரியம் இல்லை, தெரிந்துகொள்.

ஆனாலும் கேட்டவன் நீ. மேட்டில் கை வைக்க மாட்டேன். உன் கொழும்பு ஐயாவைச் சீக்கிரம் வரச் சொல். மாமாவுக்கும் எனக்கும் ஆயுசு இருக்கும்போதே வரட்டும்.

உன் மச்சான்,
நஸார்


மேல் டிவிசன்,
கொட்டகலை.
14.11.1954

அன்பு நஸார்,

வயிற்றெரிச்சலில் எழுதுகிறேன்.

கந்தோருக்கு எத்தனை கடிதம் எழுதினேன் என்று எனக்கே மறந்துவிட்டது. முதலில் பதில் இல்லை. பிறகு "கிடைத்தது" என்று ஒரு அட்டை. கடைசியில், கந்தோர்ப் பெரிய ஐயா மலை உச்சிச் சமவெளியைப் பார்க்க வருகிறார், வேண்டுமானால் பட்டிப்பொல ஸ்டேசனில் சந்திக்கலாம் என்று எழுதினார்கள். தோட்டத்துத் துரையிடம் பல்லை இளித்து லீவு வாங்கி, என் கல்லையெல்லாம் பிஸ்கட் டின்னில் போட்டுக்கொண்டு விடியற்காலையிலேயே போய் நின்றேன். பனியில் தண்டவாளம்கூடத் தெரியவில்லை. வரவேண்டிய ரயிலில் ஐயா வரவில்லை. மத்தியான ரயிலில் வந்தார். இறங்கியதும் பக்கத்துத் தோட்டத்துத் துரை பங்களாவிலிருந்து கார் வந்து தேநீருக்கு ஏற்றிக்கொண்டு போய்விட்டது. நான் டின்னை மடியில் வைத்துக்கொண்டு மறுபடி காத்திருந்தேன்.

திரும்பி வந்தவர் நல்ல மனுசர்தான், குறை சொல்லக் கூடாது. ஒவ்வொரு கல்லாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஆனால் ஒரு வார்த்தை சொல்லி என் வாயை அடைத்துவிட்டார். இந்த மாதிரிக் கல் மலைநாட்டில் நிறையக் கிடைத்திருக்கிறதாம். கல் மட்டும் இருந்தால் போதாதாம். அவர்கள் என்ன தின்றார்கள், எந்தக் காலத்தில் எங்கே இருந்தார்கள் என்பதற்கு எலும்பு வேண்டும், பல் வேண்டும். மலையில் அது கிடைக்காது. நம் தேயிலை மண்ணில் புளிப்பு அதிகம், எலும்பைத் தின்று தீர்த்துவிடும். கிளிஞ்சலுக்குள் கிடந்தால் மட்டும் கெடாமல் இருக்கும் என்றார்.

கேட்டாயா மச்சான்? இந்த மண்ணில் கிடந்தவன் கிடந்த சுவடே இருக்காது. சொல்லவேண்டியதெல்லாம் உன் மேட்டிடம்தான் இருக்கிறது.

உடனே வாருங்கள் என்று காலில் விழாத குறையாகக் கேட்டேன். இந்த வருசத்துக்கு அனுமதி முடிந்துவிட்டதாம். பங்குனிப் பக்கம் பார்க்கலாம் என்று ரயில் ஏறிவிட்டார். பங்குனி வரைக்கும் மேட்டை நீதான் காப்பாற்ற வேண்டும்.

நெத்தலி தீர்ந்துவிட்டது என்று ஞாபகப்படுத்தச் சொல்கிறாள் பேச்சியம்மா. வெட்கம் கெட்டவள்.

உன்,
சோலை


களப்பங்கரை,
அம்பாந்தோட்டை.
19.12.1954

சோலைக்கு,

இங்கே ஒரே மழை. வானம் பொத்துக்கொண்டு ஊற்றுகிறது. களப்பு நிரம்பி வாசல்வரை வந்துவிட்டது. காற்றுக்குப் பயந்து தோணிகளைக் கரையில் கட்டியாயிற்று. சூளை குளிர்ந்துபோய் அதற்குள் பூனை குட்டி போட்டிருக்கிறது. வேலையாட்கள் காலையில் வந்து பீடி குடித்துவிட்டுப் போகிறார்கள்.

இத்தனைக்கும் நடுவில் உன் மேடு மட்டும் காய்ந்த தலையோடு நிற்கிறது. மாமா தினமும் அதைப் பார்ப்பார், பிறகு என்னைப் பார்ப்பார். வாய் திறந்து சொல்ல மாட்டார். நேற்றுப் பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டார். "மகன், ஓடருமில்ல, சரக்குமில்ல. ஒங்கட கூட்டாளிட ஐயா வாறத்துக்கிடையில நாங்க செத்து மையித்தாப் பெய்த்திருவோம்." எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஆகவே நானும் ஒன்று கேட்கிறேன். உங்கள் தோட்டத்தில் ஸ்டோர் கிளாக்கர் நீதானே? தொழிலாளர் லயங்களுக்குப் பூச மாத்தளைப் பக்கத்துச் சாம்பல் நிறச் சுண்ணாம்பைத்தானே வாங்குவீர்கள்? துரை காதில் எங்கள் பெயரை ஒரு தடவை போட்டுவை. கையில் ஓர் ஓடர் இருந்தால் மாமா மேட்டைப் பற்றிப் பேச மாட்டார். தண்ணீர் வற்றியதும் களப்புச் சிப்பியைச் சுட்டு அனுப்பிவிடுவேன்.

செரீபாவுக்குப் பிரசவம் அடுத்த மாதம். துஆச் செய்ய உனக்குத் தெரியாது, உங்கள் மாரியம்மாவிடமாவது சொல்லிவை.

நஸார்


மேல் டிவிசன்,
கொட்டகலை.
16.1.1955

என் அருமை மச்சான்,

பொங்கல் சாப்பாடு செரிக்கும் முன்பே எழுதுகிறேன். இரண்டு சந்தோசச் செய்தி. எனக்கு எப்போதாவதுதான் இப்படி வரும், கையைக் கட்டிக்கொண்டு கேள்.

முதலாவது, உன் ஓடர். இங்கே லயத்துச் சுவரில் சுண்ணாம்பு பட்டு எத்தனை காலமாகிறது என்று யாருக்கும் ஞாபகம் இல்லை. அடுப்புப் புகையில் காம்பரா அறை எல்லாம் கரிச்சட்டியின் உட்புறம். பக்கத்துக் காம்பரா ராக்காயியின் பிள்ளை பிறந்ததிலிருந்து இருமுகிறது. யூனியன் தலைவர் மாயாண்டி துரையிடம் போய் நின்றார். "தொரைங்களே, திருவிழாவுக்கு ஆத்தா எங்க லயத்து வழியாத்தான் வாறா. இந்தக் கருப்புச் செவுத்த அவ பாக்கணுமா? வெள்ள அடிக்கலன்னா வேலப் பெரட்டுக்கு வர மாட்டோம்" என்றார். துரை என்னைக் கூப்பிட்டுச் சுண்ணாம்பு எங்கே நன்றாகக் கிடைக்கும் என்று கேட்டார். நான் விடுவேனா? கிளிஞ்சல் சுண்ணாம்பின் பெருமையை நின்றபடியே பாடி, உன் மாமாவின் பெயரைச் சொன்னேன். மூன்று டிவிசன் லயத்துக்கும் சேர்த்து ஓடர் தனியாகத் தபாலில் வருகிறது.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. மாசிக் கடைசியில் காப்புக் கட்டு. காப்புக் கட்டிய பிறகு எங்கள் ஆட்கள் சுவரில் கை வைக்க ஒப்ப மாட்டார்கள். பூசிக் காய நாள் வேண்டும். பெப்ரவரி பதினைந்துக்குள் சரக்கு கொட்டகலை ஸ்டேசனில் இறங்க வேண்டும். ஒரு நாள் பிந்தினாலும் துரை மாத்தளைக்குப் போய்விடுவார், மாயாண்டி என் தோலை உரிப்பார். என் மானம் உன் கையில்.

இரண்டாவது, கொழும்பு ஐயா தேதி குறித்து எழுதிவிட்டார். மார்ச் இருபது. கூடாரம், ஆட்கள், படம் பிடிக்கிறவர் எல்லாரும் வருவார்கள். நானும் லீவு கேட்டுவிட்டேன். உன் சூளையும் எரியும், என் மேடும் திறக்கும்.

செரீபாவுக்காக மாரியம்மாவிடம் பேச்சியம்மாவே பேசியிருக்கிறாள். பயப்படாதே.

சந்தோசத்துடன்,
சோலைமலை


களப்பங்கரை,
அம்பாந்தோட்டை.
6.2.1955

சோலை,

ஆண்பிள்ளை. தாயும் பிள்ளையும் சுகம், அல்ஹம்துலில்லாஹ். பேச்சியம்மாவிடம் முதலில் சொல்.

சரக்கு நேற்று லொறியில் மாத்தறைக்குப் போய்விட்டது. அங்கிருந்து குட்ஸ் ரயில். இந்த மூன்று கிழமையும் சூளை அணையவே இல்லை. என் கண் இரண்டும் மிளகாய்ப் பழம். எப்படி முடித்தேன் என்று கேட்காதே. நீ உன் மானத்தை என் கையில் கொடுத்துக் கேட்டிருக்கிறாய், அதைக் காற்றில் விடுவேனா? மூட்டையை அவிழ்த்துப் பார், பால் தோற்றுப்போகும்.

மாமா வாய் நிறையச் சிரிக்கிறார். இனி உன்னைப் பைத்தியம் என்று சொல்லமாட்டாராம்.

நஸார்


மேல் டிவிசன்,
கொட்டகலை.
24.2.1955

நஸார்,

உனக்கு எப்படி மனம் வந்தது?

சரக்கு நேரத்துக்கு வந்தது. தொட்டியில் போட்டுத் தண்ணீர் விட்டோம். கொதித்து நீறி, பால் மாதிரிதான் வந்தது. பெண்கள் சாக்கில் வடிகட்டினார்கள். மேல் டிவிசன் லயம் முழுக்கப் பூசியாயிற்று. ராக்காயி தன் காம்பராவுக்குள் நின்று, "ஏ, இது நம்ம வூடா?" என்று சிரித்தாள். நானும் மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றேன், மடையன்.

வடிகட்டின சாக்கில் கப்பி நின்றது. நீறாத கல்லும் குப்பையும்தானே என்று உதறப் போனார்கள். வெள்ளையாக ஒன்று மின்னியது. எடுத்துப் பார்த்தால் என் கல், மச்சான். ஒரு பக்கம் கூர், மறுபக்கம் மழுக்கல், நெருப்பில் வெடித்துப்போயிருந்தது. கப்பியை முழுக்க முற்றத்தில் கொட்டிக் கிளறினேன். கல், இன்னும் கல், கரிந்த எலும்பு. பிறகு ஒரு பல். தோட்டத்து ஆஸ்பத்திரி டிஸ்பென்சரிடம் ஓடினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கடவாய்ப் பல்லு. மனுசன்தான்" என்றார். மணலோடு மட்டி தின்று தின்று மேல்பக்கம் தட்டையாகத் தேய்ந்திருக்கிறது.

நீ மேட்டைச் சுட்டாய். கை வைக்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டுச் சுட்டாய். கிளிஞ்சலை மட்டுமா சுட்டாய்? மனுசரைச் சுட்டு மூட்டை கட்டி அனுப்பியிருக்கிறாய். அவர்களைத்தான் எங்கள் சுவரில் பூசியிருக்கிறோம்.

இன்னும் ஆறு கிழமை பொறுத்திருந்தால் ஐயா வந்திருப்பார்! இத்தனை வருசம் நான் நாய் மாதிரி அலைந்ததெல்லாம் மூன்று கிழமையில் புகையாகப் போயிற்று. பல்லை ரெஜிஸ்டர் தபாலில் கொழும்புக்கு அனுப்பிவிட்டேன். அதைப் பார்த்தாவது முன்னதாக வருகிறார்களா பார்ப்போம். மிச்சம் இருந்தால் அதையாவது தொடாதே.

சோலைமலை


களப்பங்கரை,
அம்பாந்தோட்டை.
6.3.1955

சோலைமலைக்கு,

களப்பு நிரம்பிவிட்டது, தோணி கட்டியாயிற்று என்று டிசம்பரில் எழுதினேன். வாசித்தாய். தண்ணீர் வற்றினால்தான் சிப்பி என்றும் எழுதினேன். அதையும் வாசித்தாய். வாசித்துவிட்டுப் பெப்ரவரி பதினைந்து என்று நீ தேதி போட்டாய். ஒரு நாள் பிந்தக் கூடாது, என் மானம் உன் கையில் என்றாய். மழைக்காலத்தில் எங்கே காய்ந்த கிளிஞ்சல் இருக்கிறது என்று இந்த உலகத்தில் என்னையும் மாமாவையும் விட்டால் உனக்குத்தான் தெரியும். எல்லாம் யோசித்துத்தான் கேட்கிறாய், லயத்துப் பிள்ளைகளுக்காக மேட்டை விட்டுக்கொடுக்கிறாய் என்று நினைத்தேன். உன்னைப் பற்றிப் பெருமையாகச் செரீபாவிடம் சொன்னேன். மானத்தை வைத்துக் கேட்ட கூட்டாளியிடம், "நிசமாத்தான் கேக்கிறியா?" என்று திருப்பிக் கேட்பவன் நான் இல்லை. சுண்ணாம்பு வானத்திலிருந்து விழுகிறது என்றா நீ நினைத்தாய்?

அது போகட்டும். நீ எழுதிய மற்ற வார்த்தை போகாது.

மனுசரைச் சுட்டாய் என்று எழுதியிருந்தாய். அதை நான் வாசித்தபோது என் மகன் மடியில் கிடந்தான். எங்களில் செத்தவரை நெருப்பில் காட்டுவது எவ்வளவு பெரிய விஷயம் என்று என்னோடு வளர்ந்த உனக்குத் தெரியாதா? மான் எலும்பு, பன்றி எலும்பு என்றுதானே நீ சொன்னாய்? ஆட்களை விலக்கிவிட்டு நானே போய், வெட்டின இடத்தைக் கையால் துழாவினேன். பாதி மேடு போய்விட்டது. மிச்சப் பாதியின் ஓரத்தில் ஒருவர் காலை மடக்கி ஒருக்களித்து, தூங்குகிற மாதிரிக் கிடக்கிறார். பக்கத்தில் ஒரு சின்னது. அதற்கு மேல் துழாவ எனக்குத் தைரியம் இல்லை.

பள்ளிவாசல் ஆலிம்சாவைக் கூட்டிவந்து காட்டினேன். அவர் நின்று பார்த்துவிட்டு, "எந்த மார்க்கத்து மையித்தெண்டாலும் மையித்துத்தான். தெரியாமச் செஞ்சத்த அல்லாஹ் மன்னிப்பான், தெரிஞ்ச பொறகு கை வெக்க வாணாம், மகன்" என்றார். மாமாவே மண்வெட்டியை எடுத்தார். அன்றைக்கே மணல் போட்டு மூடி, சுற்றி முள்வேலி அடித்தோம். இனி அங்கே சூளைக்கும் ஒரு கூடை இல்லை, உன் ஐயாவுக்கும் ஒரு கூடை இல்லை. தோண்டிப் படம் பிடித்து, பெட்டியில் அடுக்குவதற்கு அவர்கள் சாமான் இல்லை. கூடாரம் போட வந்தால் பள்ளிக்காரர் அத்தனை பேரும் வேலியில் நிற்போம்.

அந்தப் பல்லை மீட்டு அனுப்பு. மண்ணில் வைத்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். அது வரும்வரை எனக்கு எழுதாதே.

நஸார்


மேல் டிவிசன்,
கொட்டகலை.
15.5.1955

நஸார்,

எழுதாதே என்றாய். இரண்டு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியாது, அதனால் இந்த ஒன்று.

மார்ச் இருபதாம் தேதி யாரும் வரவில்லை என்று உனக்கே தெரியும். நீ வேலியில் நின்று வெயில் காய்ந்ததுதான் மிச்சமாக இருக்கும். பல்லைத் திருப்பித் தரச் சொல்லி எழுதினேன், பதில் இல்லை. மறுபடி எழுதினேன், "கவனிக்கப்படும்" என்று அட்டை வந்தது. கடைசியில் லீவு போட்டுக் கொழும்புக்கே போய்விட்டேன். காலையில் போய் வாங்கில் உட்கார்ந்தால் நாளைக்கு வா என்றார்கள். மறுநாள் போனால் இந்த மேசை இல்லை, அந்த மேசை என்றார்கள். பெரிய ஐயா மேல்படிப்புக்கு லண்டன் போய்விட்டாராம். நான் எழுதிய கடிதங்கள் இருந்த பைல் எங்கே என்று ஒருவருக்கும் தெரியவில்லை. உன் மேட்டைப் பற்றி அங்கே இப்போது ஒருவனுக்கும் தெரியாது, மச்சான். அப்படி ஒரு இடம் இருப்பதே தெரியாது.

பல் மட்டும் பத்திரமாக இருக்கிறது. பெரிய ஐயாவின் இடத்துக்கு வந்திருக்கும் புது ஐயா, சின்ன வயசு, ஒரு இழுப்பறையைத் திறந்து காட்டினார். பஞ்சு வைத்து, கண்ணாடி மூடி போட்ட சின்னப் பெட்டிக்குள் அது இருந்தது. பெட்டிமேல் துண்டு ஒட்டி "கொட்டகலை" என்று எழுதியிருந்தது. பார்சலைப் பிரித்த யாரோ தபால் முத்திரையைப் பார்த்து எழுதிவிட்டார்கள்.

திருப்பித் தரமுடியாதாம். நம்பர் போட்ட பொருள் வெளியே போகாதாம். அது ஒரு மனுசனுடையது, அவனை மண்ணில் வைக்கவேண்டும் என்று ஒருவர் கேட்கிறார் என்று சொன்னேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, மலைநாட்டுத் தேயிலை மண்ணில் கற்காலத்து மனுசப் பல் கிடைத்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை, கொட்டகலையில் எந்த இடத்தில் எடுத்தாய் என்று கேட்டார்.

அந்த நேரம் என் நிலைமையை நினைத்துப் பார். உண்மையைச் சொல்ல வாய் திறந்துவிட்டேன். இல்லை ஐயா, இது கடற்கரையிலிருந்து வந்தது, அங்கே பாதி மேடு இன்னும் இருக்கிறது, காலை மடக்கி ஒருவர் படுத்திருக்கிறார், பக்கத்தில் பிள்ளை இருக்கிறது. இதைச் சொன்னால் போதும். நான் இத்தனை வருசம் கேட்டதெல்லாம் நடக்கும். கையில் அரசாங்கக் கடுதாசியோடு வந்து இறங்குவார்கள். உன் பள்ளிக்காரர் வேலியில் நின்றால் பொலிசும் கூட வரும். மலைக்கும் கடலுக்கும் நடந்தவர்கள் ஒரே சனம் என்று புத்தகத்தில் அச்சாகும். என் பெயர்கூட ஓர் ஓரத்தில் வரலாம்.

"ஏழாம் நம்பர் மலை, ஐயா. கான் வெட்டும்போது வந்தது" என்று சொல்லிவிட்டேன்.

எழுதிக்கொண்டார். ஆகஸ்டில் ஆட்களோடு வந்து ஏழாம் நம்பரைத் தோண்டப் போகிறார்கள். தேயிலையைப் பிடுங்க வேண்டும் என்பதால் துரை என்மேல் கடுவன் பூனை மாதிரிச் சீறுகிறார். அங்கே கல்லைத் தவிர ஒரு மண்ணும் கிடைக்காது என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே பக்கத்தில் நின்று குடை பிடிக்க வேண்டும். எல்லாவற்றையும்விட எனக்கு அதுதான் பற்றி எரிகிறது. உண்மை என்ன என்று தெரிந்துகொள்ள அலைந்தவன், அவர்கள் புத்தகத்தில் பொய் எழுதக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். மனுசரைச் சுட்டாய் என்ற வார்த்தையைக் கோபத்தில் உனக்கு எழுதாமல் இருந்திருந்தால் நீ மேட்டை மூடியிருக்க மாட்டாய். அதை நினைத்தாலும் எரிகிறது. நீ சொன்னதும் சரிதான், தேதி போட்டவன் நான். ஆனால் ஒரு வரி எழுதிக் கேட்டிருக்கலாமே, பாவி! கேட்டால் குறைந்தா போய்விடுவாய்?

போன கிழமை பிரஜாவுரிமை விசாரணைக்கு ஹட்டனுக்குப் போய் வந்தோம். எங்கள் அப்பா இந்தியாவிலிருந்து இங்கே வந்து சேர்ந்ததற்கு அத்தாட்சி போதவில்லையாம், இன்னொரு நாள் வரவேண்டுமாம். வரும் வழியில் பஸ்ஸில் இந்தப் பல்லுக் கதையைப் பேச்சியம்மாவிடம் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். விசாரணைக் கடுதாசியை மடித்துக்கொண்டே, "அப்ப அந்தப் பல்லுக்காரனுக்குக் கேக்காமலே கொட்டகலைன்னு எழுதிக் குடுத்துட்டாங்களா? ஒரு சாட்சி கேக்கலியா?" என்றாள்.

பிள்ளைக்கு அவள் பின்னிய கம்பளித் தொப்பியை இதோடு அனுப்புகிறேன். கடற்கரை வெக்கையில் கம்பளித் தொப்பி எதற்கு என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை.

பல் உனக்கு வராது. வரும்வரை எழுதாதே என்று நீ சொன்னதால் இதுதான் என் கடைசிக் கடிதம். உன்மேல் கோபம் ஆறவில்லை, என்மேல் அதைவிட ஆறவில்லை. ஆனால் ஒன்றை நம்பி நிம்மதியாகத் தூங்கு. அந்த வேலிக்குள் இருக்கிறவர்களைத் தேடிக் கொழும்பிலிருந்து இனி ஒருவரும் வரமாட்டார்கள்.

சோலைமலை